ஆர் பொத்தான் மட்டும் என் வேலை

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், குழந்தை தூங்கியதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு என் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். சூடான தூசி வாசனை வரும் என்று தயாராக இருந்தேன். வந்தது சந்தன வாசனை.

முதலில் பயந்தேன். எனக்கு எதற்குமே முதலில் வருவது பயம்தான். சந்தன வாசனையோடு எரியக்கூடிய பாகம் எது என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே யோசித்தேன். பிறகு பெட்டியின் முன்பக்கத்து வலையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது புரிந்தது. வட்டமாக, காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் என் மாமியார் வைத்த பொட்டு. ஒரு வருஷத்துப் பொட்டின் மேல் அடுத்த வருஷத்துப் பொட்டு, அந்த ஈரத்தில் வீட்டுத் தூசியெல்லாம் ஒட்டி, சின்ன வரட்டி மாதிரி கெட்டியாகியிருந்தது. அந்த வலை வழியாகத்தான் பெட்டிக்குள் காற்றே போக வேண்டும். போதாததற்கு உள்ளே காற்றாடியின் பக்கத்தில் அட்சதை அரிசி வேறு. டக் டக் என்று ஒரு சத்தம் வருகிறதே என்று நான் எத்தனையோ வீடியோக்கள் பார்த்துக் கவலைப்பட்டிருந்தேன். அட்சதை என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை.

“பொட்டை ஏம்மா இந்த இடத்துல வெச்சேள்?” என்று மாமியாரிடம் கேட்டேன்.

“பின்ன எங்க வெக்கறது? பொட்டை முகத்துலதானே வெக்கணும். முதுகுலயா வெப்பா?” என்றார்.



எதற்காகப் பெட்டியைத் திறந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் கேம் ஆடுவேன். துப்பாக்கி, குண்டு, மாடியிலிருந்து குதிப்பது எல்லாம் உள்ள கேம். ராஜா அண்ணாமலைபுரத்தில் மாமியாரோடு குடித்தனம், பெருங்குடியில் வேலை, மூன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. ஆமாம், நான்தான். துபாயிலிருந்து என் சிநேகிதி ஜெனி ஆன்லைனில் வருவாள். கூட இன்னும் இரண்டு பேர். வாரம் முழுவதிலும் அந்தக் கொஞ்ச நேரம்தான் என்னை யாரும் எதையும் எடுத்துத் தரச் சொல்வதில்லை. நான் ஒன்றைச் சரியாகச் செய்தேனா தப்பாகச் செய்தேனா என்பதும் உடனே தெரிந்துவிடும். குழந்தை வளர்ப்பில் அது தெரிவதற்கு இருபது வருஷம் ஆகும் போலிருக்கிறது.

அந்த கேமுக்குப் புதிய பதிப்பு வந்ததிலிருந்து என் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. எதிரி ஓடி வருவான், படம் அப்படியே உறைந்து நிற்கும், மறுபடி அசையும்போது நான் செத்துக் கிடப்பேன். “சாவறதுக்குன்னே வந்துகினு கீறியாடி?” என்றாள் ஜெனி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கூட ஆடும் இருவரில் ஒருவர், என் இடத்தில் வேறு ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டார். ஜெனி பதில் சொல்லவில்லை. ஜெனி பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. ஒன்று பெட்டிக்குள் எதையாவது மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் மற்ற மத்தியானங்களோடு சேர்ந்துவிடும்.

சந்தன வாசனைக்குத் திரும்புகிறேன். அது என்னை நேராக நான் வளர்ந்த மந்தைவெளி வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அங்கே இருந்த கம்ப்யூட்டருக்கு அம்மா பழைய திரைச்சீலையில் உறை தைத்திருந்தாள். மானிட்டருக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, கீபோர்டுக்குக்கூட ஓரத்தில் லேஸ் வைத்து ஒன்று. விருந்தாளி வந்தால் உறையோடுதான் காட்டுவோம். சரஸ்வதி பூஜையன்று அதற்கும் புத்தகங்களோடு சேர்த்துப் பொட்டு உண்டு, அன்று முழுக்க யாரும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் அப்பா முன்னால் அண்ணா ஏதாவது நல்ல வார்த்தையாக டைப் அடிப்பான். அப்பா திருப்தியோடு காபி குடிக்க உள்ளே போனதும் அடுத்த நொடி கேம்.

கேம் என்றால், அண்ணாவுக்கு. மௌஸ் அவனுடையது. கீபோர்டில் இருக்கிற பொத்தான்களும் அவனுடையவை. எனக்குக் கொடுக்கப்பட்டது ஒரே ஒரு பொத்தான். ஆர். துப்பாக்கியில் குண்டு தீர்ந்ததும் நான் அதை அழுத்த வேண்டும். மறுபடி குண்டு நிரம்பும். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

“ஆர்! ஆர்! ஏய் ஆர் அழுத்துடி!”

கொஞ்சம் முன்னால் அழுத்திவிட்டால் “உன்னை யாரு கேட்டா?” கொஞ்சம் பின்னால் அழுத்தினால் “தூங்கறியா?” ஜெயித்தால் அவன் ஜெயித்தான். தோற்றால் நான் லேட். சமையலறையிலிருந்து அம்மா, “என்னடி பண்ணிண்டிருக்கே?” என்று கேட்டால், “சும்மா பாத்துண்டிருக்கேம்மா” என்பேன். ஒரு பொத்தானை வைத்துக்கொண்டு விளையாடுகிறேன் என்று சொல்லிக்கொள்ள முடியுமா, சொல்லுங்கள். ஆனால் அந்த கீபோர்டில் ஆர் என்ற எழுத்து தேய்ந்து வெறும் கறுப்பாகப் போனதே, அது என் விரல். அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

பிறகு ஒரு புது கேம் வந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் அது திறக்கவே இல்லை. ரேம் போதாது என்றான் அண்ணா. ரேம் என்பது வேலை செய்வதற்கு முன்னால் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொள்கிற மேடை மாதிரி. மேடை சின்னதாக இருந்தால் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை வைக்க முடியும். இந்த விளக்கம் நானாகப் பிறகு கண்டுபிடித்தது. அப்பாவுக்கு அண்ணா சொன்ன விளக்கம் ஒரே வார்த்தை: ப்ராஜெக்ட்.

“அதைப் போட்டா மார்க் ஏறுமோ?” என்று கேட்டார் அப்பா.

“ஏறும்ப்பா.”

மூன்று பேரும் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனோம். கடை என்று சொல்ல முடியாது, ஒரு அலமாரியின் முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அண்ணா கேட்டதைக் காதில் வாங்கியதுமே, “இன்னா தம்பி, கேமுக்கா?” என்றார்.

“படிப்புக்கு,” என்றார் அப்பா, கொஞ்சம் விறைப்பாக.

“படிப்புக்குன்னா இருக்கறதே எதேஷ்டம் சார். கேமுக்குத்தான் பத்தாது.”

அப்பா மெதுவாக அண்ணா பக்கம் திரும்பினார். அண்ணா ஒரு நொடிகூடத் தயங்காமல், “எனக்கில்லப்பா, இவளுக்கு. இவ ஸ்கூல்ல கம்ப்யூட்டர் ப்ராஜெக்ட்,” என்றான். கடைக்காரரும் அப்பாவும் அண்ணாவும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். ரேம் வாங்கியாகிவிட்டது. என் பெயரில் வாங்கிய ரேம். வீட்டுக்குப் போனதும் என்ன வித்தியாசம் என்கிறீர்கள்? புது கேமிலும் ஆர் பொத்தான்தான்.

எங்கள் வீட்டில் எதையும் அதன் சொந்தப் பெயரில் வாங்கியதே கிடையாது, யோசித்துப் பார்த்தால். அம்மா தொடர்கதைக்காக வாரப்பத்திரிகை வாங்குவாள். கேட்டால் சமையல் குறிப்புக்காக. கடற்கரைக்குப் போக வேண்டும் என்றால் யாருக்காவது காற்று நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். அதுவும் பெண்கள் வாங்கினால் இந்தச் சம்பிரதாயம் இன்னும் கெட்டி. எனக்குப் பிடிக்கிறது, அதனால் வாங்குகிறேன் என்ற வாக்கியத்தை அந்தக் கூடத்தில் ஒரு பெண் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வாக்கியத்தை முதலில் சொல்லிக் கேட்டது ஜெனியிடம். துபாய் போவதற்கு முன் பெருங்குடி ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜை. பட்டினப்பாக்கத்துப் பெண், அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினாய் என்று எல்லோரும் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தோம். அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்கு வாட்ச், கோவிலுக்கு அர்ச்சனை. ஜெனி, “எனக்கு ஹெட்போன்,” என்றாள். “அம்மாவுக்கு?” என்று நான் கேட்டேன். “அம்மாவுக்கு எதுக்கு ஹெட்போன்?” என்றாள்.

தி. நகரில் துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு மாடியில் கேம் சென்டர் இருந்தது. சனிக்கிழமை ஆபீஸ் முடிந்து அங்கே என்னை இழுத்துக்கொண்டு போனவளும் அவள்தான். படியெல்லாம் புதுத் துணி வாசனை, கீழே பஜ்ஜிக் கடையின் எண்ணெய், மேலே கதவைத் திறந்தால் ஏசியும் பையன்களின் சாக்ஸும். நாங்கள் உள்ளே நுழைந்ததும் கல்லாவில் இருந்தவர் தலையைத் தூக்காமலே, “பிரின்ட் அவுட், ஜெராக்ஸ் எல்லாம் கீழக்கா,” என்றார்.

“பிரின்ட் எடுக்க வர்ல நைனா,” என்றாள் ஜெனி. “உன் ஆளுங்கள அடிக்க வந்துகீறோம். ரெண்டு சீட்டு குடு.”

அன்றைக்கு நாங்கள்தான் அடி வாங்கினோம். அது வேறு விஷயம். ஆனால் என் இரண்டு கைகளும் கீபோர்டிலும் மௌஸிலும் இருந்தன. குண்டு தீர்ந்தபோது பழக்கதோஷத்தில் பக்கத்தில் யாராவது அழுத்துவார்கள் என்று ஒரு நொடி காத்திருந்தேன். யாரும் அழுத்தவில்லை. செத்துப்போனேன். அடுத்த தடவையிலிருந்து நானே அழுத்திக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் சேர்க்க ஆரம்பித்தேன். ஒரு மாதம் பெட்டி, ஒரு மாதம் மதர்போர்டு என்று, மந்தைவெளி வீட்டை இடித்துக் கட்டிய சமயத்தில் அடையாறில் நான் தங்கியிருந்த அறையின் கட்டிலுக்கடியில் பாகங்கள் சேர்ந்தன. திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் மட்டும் என்னால் முடிவெடுக்கவே முடியவில்லை. இது நல்லதா, அது நல்லதா, அடுத்த மாதம் இதைவிட நல்லது வருமா என்று நான் படித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து ஜெனி பொறுமையிழந்தாள்.

“நீ செவுளத் தூக்கித் தூக்கிப் பாத்துகினே இரு. அதுக்குள்ள மீனு நாறிடும்.”

“நான் மீனே வாங்கினதில்லடி.”

“தெரியுது. வாங்கறவ இப்டி நிக்க மாட்டா.”

அன்று மாலையே கார்டை வாங்கினேன். இப்போதும் அதே கார்டுதான். கல்யாணத்துக்குப் பிறகு என் சீர்வரிசையில் இல்லாத சாமானாக இந்த வீட்டுக்குள் வந்தது அந்தப் பெட்டி. மாமியார் அதை ‘அந்த டப்பா’ என்பார். ஆனால் சரஸ்வதி பூஜையில் டப்பாவுக்கும் பொட்டு வைக்கத் தவறியதில்லை. அவருடைய நியாயம் எனக்குப் பிடிக்கும்.

சரி, இப்போதைய திணறலுக்கு வருகிறேன். எல்லோரும் ஒரே குரலில் சொன்னது கார்டை மாற்று என்பதுதான். புனேயிலிருந்து அண்ணா போனில், “கண்ணை மூடிண்டு கார்டு மாத்து,” என்றான். அவன் கேம் ஆடுவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. அபிப்பிராயம் சொல்வதை நிறுத்தவில்லை. நானும் குழந்தைக்கு ஒரு கையால் சாதம் ஊட்டிக்கொண்டே இன்னொரு கையால் போனில் ஒரு கார்டைக் கூடையில் போடுவேன், எடுப்பேன், மறுபடி போடுவேன். கார்டு வாங்கினால் அதற்கு மின்சாரம் போதுமா? அது இந்தப் பெட்டிக்குள் நுழையுமா? அதையெல்லாம் விட, அதுதான் பிரச்சினையா?

பயத்தோடு சந்தேகமும் என் சுபாவம், அது இந்த ஒரு இடத்தில் உதவியது. கேமில் படத்தின் தரத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துப் பார்த்தேன். கார்டுதான் பலவீனம் என்றால், வேலை குறைந்ததும் கேம் ஓட்டமெடுக்க வேண்டும். படம் களிமண் பொம்மை மாதிரி ஆனதே தவிரத் திணறல் அப்படியே இருந்தது. திரையின் மூலையில் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் வசதியைப் போட்டுப் பார்த்தேன். கார்டு பாதித் தூக்கத்தில் இருந்தது. கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் நாக்குத் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. ரேம் விளிம்பு வரை நிரம்பி வழிந்தது. ப்ராசஸரின் சூடு சிவப்பில் காட்டியது. அந்தச் சூட்டுக்குக் காரணம் தேடித்தான் பெட்டியைத் திறந்தேன், சந்தனம் கிடைத்தது.

குழந்தையின் பெயின்ட் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் துடைத்து, வலையைக் கழுவிக் காயவைத்து மாட்டினேன். சத்தம் நின்றது. சூடு இறங்கியது. கேமும் முன்னைவிட நன்றாகவே ஓடியது. வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி.

“பாத்தியா? சுத்தம் பண்ணினாலே போறும்,” என்றார் மாமியார்.

“அப்போ ஒண்ணும் வாங்க வேண்டாம், இல்ல?” என்றார் கணவர். ராகவ் நல்லவர். சொல்லும்போதே முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை ஆடினேன். ஆள் குறைவாக இருந்த வரை ஓடியது. கடைசியில் எல்லோரும் ஓரிடத்தில் சேர்ந்து சண்டை மும்முரமானதும் பழையபடி உறைந்தது. செத்தேன். விஷயத்தைச் சொன்னபோது ராகவ், “செட்டிங்கைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்,” என்றார். அவர் கேம் செட்டிங்கைத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தையை நான் இந்த ஊரில் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சுள்ளென்றது.

“பண்ணிக்க மாட்டேன்,” என்றேன். “ப்ராசஸரும் ரேமும் வாங்கப் போறேன்.”

அவர், “சரி, வாங்கிக்கோ. அம்மாகிட்ட மட்டும் குழந்தைக்குன்னு சொல்லிடு. ஏதாவது ஆன்லைன் கிளாஸ், அது இதுன்னு,” என்றார்.

“மூணரை வயசுல அ, ஆ எழுத எதுக்கு ப்ராசஸர்?”

“சும்மா ஒரு பேச்சுக்கு.”

அவர் போன வருஷம் கியர் வைத்த சைக்கிள் வாங்கினார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஓட்டணும் போல இருந்தது, வாங்கினார். இப்போது அதன் ஹேண்டில்பாரில் குழந்தையின் கவுன்கள் காய்கின்றன. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதே சுதந்திரத்தில் எனக்கும் ஒரு ப்ராசஸர் வேண்டும், அவ்வளவுதான்.

லீவு போட்டுவிட்டு ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன். முடித்துவிட்டு தி. நகரில் ரவிக்கைக்கு லைனிங் துணி வாங்கலாம் என்று மாமியாரும் கூட வந்தார். இடுப்பில் குழந்தை. கடையில் என்னைவிட வயதில் சின்னவர் ஒருவர் ஸ்டூலை மாமியார் பக்கம் நகர்த்திவிட்டு என்னிடம், “சொல்லுங்க மேடம். பையனுக்கா?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார், “குழந்தை படிப்புக்குப்பா,” என்றார்.

ராகவ் முன்கூட்டியே சொல்லி வைத்தாரா, மாமியாராகவே சொன்னாரா, தெரியாது. எனக்காகத்தான் சொன்னார் என்பது மட்டும் தெரிந்தது. மழையில் குடையை நம் பக்கம் சாய்ப்பார்களே, அந்த மாதிரி. நான் தலையாட்டினால் போதும். தலையாட்டத் தெரிந்த தலைதான் இது. இடுப்பில் இருந்தவள் என் தாலிச் சங்கிலியை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லைங்க, எனக்குத்தான்,” என்றேன். “கேம் ஆடறதுக்கு.”

கூரை இடிந்து விழவில்லை. “அப்டி சொல்லுங்க,” என்றார் கடைக்காரர், சாதாரணமாக. “இன்னா கார்டு கீது? பழசா? கார்ட மாத்திடுங்க மேடம், எல்லாம் சரியாய்டும்.”

“கார்டு பாதித் தூக்கத்துல இருக்கு. ப்ராசஸர்தான் திணறுது. என் பழைய போர்டுலயே உக்கார்ற மாதிரி ஒரு ப்ராசஸர், ரெண்டு ரேம்.”

“யார் சொன்னது மேடம்?”

“நான்தான் பார்த்தேன்.”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஏணியைப் போட்டு மேல் தட்டிலிருந்து பெட்டியை எடுத்தார்.

ஆட்டோவில் மாமியார் குழந்தையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். பிறகு, “கடைக்காரன்கிட்டல்லாம் சொல்லணுமா?” என்றார்.

“சொன்னா என்னம்மா குறைஞ்சுடும்?”

“ஒண்ணும் குறையாது. வழக்கமில்லையே.”

பனகல் பார்க் பக்கம் ஆட்டோ சிக்னலில் நின்றது. அவர் வெளியே பார்த்தபடியே, “உங்க மாமனார் சீட்டாடப் போவார். சீட்டாடப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போவார்,” என்றார். சிக்னல் விழுந்தது. லைனிங் துணிக்கு எந்தக் கடை என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

ப்ராசஸரை நானே மாட்டினேன். அதன் மேல் சூட்டைக் கடத்தும் பசையைப் பொட்டளவு வைக்க வேண்டும். வைத்துக்கொண்டிருந்தபோது மாமியார் எட்டிப் பார்த்தார்.

“சந்தனமா?”

“இல்லம்மா. இது சூட்டைக் குறைக்கற பசை.”

“சந்தனமும் அதுக்குத்தான்,” என்றார் விடாமல். “நீ மட்டும் முகத்துல வெக்கலாமோ?”

இருவருமே சிரித்துவிட்டோம். இந்த வருஷப் பொட்டு பக்கத் தகட்டில் என்று ஒப்பந்தமாகியிருக்கிறது. காது என்று வைத்துக்கொள்ளலாமாம்.

லைனிங் துணி வாங்கப் போன அன்று அந்த கேம் சென்டர் மாடியைத் தேடினேன். இப்போது அங்கே மொபைல் உறைகள் தொங்குகின்றன; படியில் துணி வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது. மந்தைவெளிக் கூடம் அடுக்குமாடியாகிவிட்டது. லேஸ் வைத்த உறை என்ன ஆயிற்று என்று அம்மாவுக்கே நினைவில்லை. ஆர் எழுத்து தேய்ந்த கீபோர்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்கள். எனக்குச் சொல்லியிருந்தால் ஓடிப் போய் வாங்கி வந்திருப்பேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கடைசிச் சண்டை வரை படம் எங்கும் உறையவில்லை. “இன்னாடி, உசுரோட கீற!” என்று காதுக்குள் கத்தினாள் ஜெனி. நான் சிரித்த சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து என் பெண் எழுந்து வந்து மடியில் ஏறிக்கொண்டாள். கீபோர்டைப் பார்த்து, “எனக்கு?” என்றாள். என் கை தானாக அவள் விரலை எடுத்து ஆர் பொத்தானின் மேல் கொண்டுபோனது. பாதியில் நிறுத்தினேன்.

“இரு கண்ணா. அம்மா விளையாடறேன். முடிச்சதும் நீ ஆடு, எல்லாப் பொத்தானும் உனக்கு.”

அவள் காத்திருந்தாள், கொஞ்சம் சிணுங்கிக்கொண்டு. குண்டு தீர்ந்தது. எங்கள் வீட்டில் அந்த உத்தியோகத்தில் இப்போது யாரும் இல்லை. நானே அழுத்திக்கொண்டேன்.